கண்ணாடியில் படிந்த கறை

அரிஸ்டாட்டிலின் சிறு நூல்களில் ஒன்று கனவுகளைப் பற்றியது. பார்வை எப்படி நிகழ்கிறது என்று விளக்க வந்த இடத்தில், அதில் ஒரு விசித்திரமான உதாரணம் வருகிறது. மாதவிலக்கான பெண் மிகத் தெளிவான கண்ணாடியைப் பார்த்தால் அதன் மேல் இரத்த நிற மேகம் போல ஒன்று படியும். கண்ணாடி புதிதானால் அந்தக் கறையைத் துடைப்பது கடினம், பழையதானால் சுலபம். கண்ணிலும் இரத்தக் குழாய்கள் உண்டு, உடம்பில் இரத்தம் கலங்கும்போது கண்ணும் கலங்கும், அந்தக் கலக்கம் காற்றைத் தொட்டு, காற்று கண்ணாடியைத் தொடும் என்பது தர்க்கம். பார்வை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை, வெளியின் மீதும் செயல்படுகிறது என்பதற்கு இது ருசு. இந்தப் பகுதி பிற்காலத்தில் யாரோ செருகியது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் ஐரோப்பா பல நூற்றாண்டுகள் அதை அரிஸ்டாட்டிலின் வாக்காகவே படித்தது.

அன்றைய கண்ணாடி மெருகேற்றிய உலோகத் தகடு. சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு பெண், ஒரு தகடு, ஒரு காலைப் பொழுது போதும். மீனின் செவுளையும் கோழி முட்டைக்குள் வளரும் கருவையும் நாள்வாரியாகத் திறந்து பார்த்த ஒரு மரபு, இதைப் பார்க்கவில்லை. இந்த இடத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மாதச் சுழற்சி பெண்ணின் கண்ணையும் நரம்பு மண்டலத்தையும் என்ன செய்கிறது என்ற கேள்வியின் சரித்திரம், தவறான விடைகளின் சரித்திரம் மட்டுமாக இருந்தால் அதில் பெரிய சுவாரஸ்யம் இல்லை. எல்லா விஞ்ஞானமும் தவறான விடைகளில்தான் தொடங்குகிறது. இங்கே நடந்தது வேறு. அவள் கண் உலகத்தை என்ன செய்கிறது என்று கேட்டார்கள். அவள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று அவளைக் கேட்கவில்லை.

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி, தன் ‘இயற்கை வரலா’ற்றில் பட்டியலை நீட்டுகிறார். அவள் அருகில் வந்தால் புது மது புளிக்கும், விதை மலடாகும், வாளின் கூர் மழுங்கும், தேனீக்கள் சாகும், கண்ணாடி மங்கும். அதே பிளினி வேறோர் இடத்தில், மங்கிய கண்ணாடியின் முதுகை அவளையே உற்றுப் பார்க்கச் செய்தால் பளபளப்பு திரும்பிவிடும் என்கிறார். ஆலங்கட்டி மழையை விரட்டவும் பயிரின் பூச்சிகளைக் கொல்லவும்கூட அவள் பயன்படுவாளாம். தீங்கும் மருந்தும் ஒரே உடம்பில். இது பயத்தின் பாஷை. ஆனாலும் அந்தப் பயத்தில் அவளுக்கு ஒரு சக்தி ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. பிறகு அதுவும் போயிற்று. ஆல்பர்ட்டஸ் மாக்னஸின் பெயரில் உலவிய ‘பெண்களின் ரகசியங்கள்’ என்ற மத்தியகால நூலில், மாதவிலக்கு நின்றுபோன கிழவியின் பார்வை தொட்டில் குழந்தைக்கு நஞ்சு. வெளியேறாத இரத்தம் கண் வழியே வெளியேறுகிறதாம். வந்தாலும் குற்றம், நின்றாலும் குற்றம். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூனியக்காரிகளை விசாரிப்பதற்காக எழுதப்பட்ட கையேடு, கண்ணேறு உண்மை என்று நிறுவ இந்தக் கண்ணாடியைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு தத்துவவாதியின் உதாரணம் குற்றப்பத்திரிகைக்குள் நுழைந்துவிட்டது.

19-ஆம் நூற்றாண்டில் மேகம் கண்ணாடியை விட்டு நரம்புக்கு இடம் மாறியது. பெண்கள் கல்லூரிக்குள் நுழைந்த காலமும் அதுதான் என்பதைத் தற்செயலாக எடுத்துக்கொள்வதற்கில்லை. 1873-ல் பாஸ்டனில் எட்வர்ட் கிளார்க் என்ற மருத்துவர் பெண் கல்வி பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். உடம்பின் சக்தி ஒரு குறிப்பிட்ட அளவுதான், மூளைக்குக் கொடுத்தால் கருப்பைக்குக் குறையும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆகவே வளரும் பெண் மாதத்தில் சில நாட்கள் படிப்பை நிறுத்திவிட வேண்டும். ஆணுக்கு வகுத்த முறையில் அவளைப் படிக்க வைத்தால் நரம்புத் தளர்ச்சியும் ஹிஸ்டீரியாவும் மலட்டுத்தன்மையும் வரும். சான்றாக அவர் தந்தவை சில பெண்களின் நோய்க் கதைகள். புத்தகம் பல பதிப்புகள் கண்டது. அடுத்த ஆண்டே லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி அதே வாதத்தை எடுத்துக்கொண்டு எழுதினார்.

மாட்ஸ்லிக்கு அதே பத்திரிகையில் பதில் எழுதியவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர். அவர் பதிலில் ஒரு கேள்வி யாராலும் தாண்ட முடியாதது. வீட்டு வேலைக்காரிகள் மாதம் முழுவதும் ஒருநாள் ஓய்வில்லாமல் கடுமையாக உழைக்கிறார்களே, அவர்களைப் பற்றி ஏன் எந்த மருத்துவரும் கவலைப்படவில்லை? தண்ணீர் சுமப்பவளின் நரம்பு தாங்கும், கிரேக்கம் படிப்பவளின் நரம்பு தாங்காது என்ற உடற்கூறு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி முன் கிளார்க்கின் விஞ்ஞானம் தன் வர்க்க முகத்தைக் காட்டிவிடுகிறது.

கேள்வி வேறு, அளவை வேறு. அளந்தவர் மேரி பட்னம் ஜாகோபி. பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் அனுமதி பெற்ற முதல் பெண். 1871-ல் பட்டம் பெற்றார். மாதவிலக்கின்போது பெண்களுக்கு ஓய்வு தேவையா என்ற தலைப்பில் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசுக்குக் கட்டுரைகள் கேட்கப்பட்டபோது, எழுதியவர் பெயர் தெரியாமல் தீர்ப்பளிக்கும் அந்தப் போட்டிக்கு அவர் தன் கட்டுரையை அனுப்பினார். 1876-ல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் ஆயிரம் வினாத்தாள்கள் அனுப்பி, 268 பெண்களிடமிருந்து பதில் பெற்றிருந்தார். சிலரின் நாடித் துடிப்பைக் கருவியால் கோடாக வரைந்து, தசை வலிமையையும் மாதம் முழுவதும் அளந்தார். உடம்பில் மாதந்தோறும் ஓர் அலை ஏறி இறங்குகிறது என்று அவர் கண்டார். ஆனால் நல்ல உணவும் ஆரோக்கியமும் உள்ள பெண்ணுக்கு ஓய்வு அவசியம் என்று காட்ட மாதவிலக்கின் இயல்பில் ஒன்றுமில்லை என்று முடிவு சொன்னார். ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஊனம் இல்லை. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்ததுதான் ஜாகோபியின் சாதனை. பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைக் கைவிட்டார்கள். பரிசு கொடுத்த ஹார்வர்டு தன் மருத்துவக் கல்லூரியில் பெண் மாணவிகளை முதன்முதலாகச் சேர்த்தது 1945-ல்.

கண்ணுக்கு வருவோம். 1880-களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபிங்கெல்ஸ்டைன் என்ற மருத்துவர் ஆரோக்கியமான 20 பெண்களின் பார்வைப் புலத்தை அளந்து, மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் அது சுற்றிலும் சுருங்குகிறது என்றார். ஹேவ்லாக் எல்லிஸ் 1894-ல் தன் ‘ஆணும் பெண்ணும்’ நூலில் அதை எடுத்தாண்டார். கருப்பையையும் கண்ணையும் தலைப்பிலேயே இணைத்த ஒரு ஜெர்மன் புத்தகம் 1890-ல் வந்தது. பெண்ணின் கண் இப்படி அளக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இங்கிலாந்தில் வேறு இரண்டு ஜோடிக் கண்களைப் பற்றிய விவரங்கள் அச்சாகியிருந்தன. கிரீனிச் வானாய்வுக் கூடத்தின் தலைவர் ஜார்ஜ் ஏரி, தனக்கு அவ்வப்போது பார்வையின் ஒரு பகுதி மறைந்து, ஒளிரும் நெளிகோடுகள் தோன்றிப் பரவி மறைவதை 1865-ல் எழுதினார். அவருடைய மகன் ஹூபர்ட் ஏரி, தன் கண்ணில் அதே மாதிரி தோன்றியதை, கோட்டை மதில் போன்ற அதன் வளைவுகளோடும் வண்ணங்களோடும் வரைந்து 1870-ல் வெளியிட்டார். ஒற்றைத் தலைவலிக்கு முன்னோடியாக வரும் ஒளித்தோற்றத்தைப் பற்றிய மிகச் சிறந்த பதிவுகளில் ஒன்றாக மருத்துவம் இன்றும் அந்தப் படத்தைப் போற்றுகிறது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். தந்தை ஏரியின் தொழிலே பார்ப்பது. அவர் கண்ணில் விட்டுவிட்டு உலகம் பாதி மறைந்தது. அதை அவரே சொன்னார், அது அறிவாயிற்று. 1881 வரை அவர் பதவியில் நீடித்தார். அவர் விஷயத்தில் கண்ணின் கோளாறு அவருக்கு நேர்ந்த ஓர் அனுபவம். பீட்டர்ஸ்பர்க் பெண்களின் விஷயத்தில் அது அவர்களுடைய இயல்பு. ஆணின் தடுமாற்றம் ஒரு சம்பவம், பெண்ணின் தடுமாற்றம் ஒரு வரையறை. விஞ்ஞானத்தின் நடையிலேயே, வாக்கிய அமைப்பிலேயே, இந்த வித்தியாசம் புகுந்துவிட்டது. இலக்கிய விமர்சனம் செய்கிற எவனும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. யார் தன்மை ஒருமையில் எழுதுகிறார்கள், யார் படர்க்கைப் பன்மையில் எழுதப்படுகிறார்கள் என்பதில்தான் பாதி உண்மை இருக்கிறது.

1914-ல் நியூயார்க்கில் லீட்டா ஹாலிங்வொர்த், கொலம்பியாவில் தன் டாக்டர் பட்டத்திற்காக இந்தப் பிரச்னையை எடுத்துக்கொண்டார். நெப்ராஸ்காவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர்; திருமணமான பெண் என்பதால் நியூயார்க் பள்ளிகளில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 23 பெண்களையும் ஒப்பீட்டுக்கு 2 ஆண்களையும் அவர் சோதித்தார். சிலரைத் தினமும் மூன்று மாதங்கள், மற்றவர்களை மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஒரு மாதம். விரல் தட்டும் வேகம், கை நடுங்காமல் நிற்பது, நிறங்களைப் பார்த்து உடனே பெயர் சொல்வது, எதிர்ச்சொல் கூறுவது, தட்டச்சு கற்பது எல்லாவற்றிலும் மாதவிலக்கு நாட்களில் திறன் குறைந்ததற்கு அடையாளம் இல்லை. நான் தினமும் மாலை கணக்கை நேர்செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன். அப்படிப்பட்டவனுக்கு இந்த மாதிரி ஆய்வில் ஒரு தனி மரியாதை உண்டு. அதில் உபதேசம் இல்லை. நாள், ஆள், எண். இரண்டாயிரம் ஆண்டு அபிப்ராயத்துக்கு எதிராக ஒரு பேரேடு.

அபிப்ராயம் பேரேட்டைப் படிப்பதில்லை. 1920-ல் வியன்னாவில் பேலா ஷிக் ஒரு கட்டுரை வெளியிட்டார். சாதாரண ஆள் இல்லை, டிப்தீரியா தொற்றுக்கு எதிரான தடுப்பாற்றலைக் கண்டறியும் சோதனை அவர் பெயரால் வழங்கியது. தனக்கு வந்த ரோஜாப் பூக்களைப் பணிப்பெண்ணிடம் கொடுத்தார், மறுநாள் அவை வாடியிருந்தன; தனக்கு மாதவிலக்கு, அந்நாட்களில் பூவைத் தொட்டால் இப்படித்தான் ஆகும் என்று அவள் சொன்னாள். உடனே தோலின் வியர்வையில் ‘மெனோடாக்ஸின்’ என்ற நஞ்சு இருப்பதாக அவர் கருதுகோள் அமைத்தார். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் மாக்ட் என்பவர் அந்த நஞ்சைச் செடியின் நாற்றுகளில் சோதித்து 1924-ல் எழுதினார். 1977-லும் லான்செட் இதழ் இந்தத் தேடலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது. துளசி வாடும், ஊறுகாய் கெட்டுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் இதற்கும் உள்ள ஒரே வித்தியாசம், நம் பாட்டிமார் கிரேக்க வேரிலிருந்து பெயர் வைக்கவில்லை என்பதுதான். பகுத்தறிவின் தலைநகரம் ஒன்றில் விலக்கும் தீட்டும் ஆய்வுக்கூடத்தின் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்க்கும்போது, மூடநம்பிக்கையைக் கிழக்கின் சொத்தாக நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஹார்மோன்கள் அடையாளம் காணப்பட்ட பிறகு பாஷை மறுபடி மாறியது. 1931-ல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபிராங்க், மாதவிலக்குக்கு முந்தைய பதற்றம் என்ற ஒன்றை விவரித்தார். கடுமையான சிலருக்குச் சூலகத்தின் மீது எக்ஸ்-கதிர் பாய்ச்சினார். 1953-ல் பிரிட்டனில் காதரீனா டால்ட்டனும் ரேமண்ட் கிரீனும் அதை ஒரு நோய்த்தொகுதியாக நிலைநிறுத்தினார்கள். 1970-ல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் குழு ஒன்றில் எட்கர் பெர்மன் என்ற மருத்துவர், பெண்களுடைய ஹார்மோன் கொந்தளிப்பு காரணமாக அவர்களை உயர் பதவிகளுக்கு நம்ப முடியாது என்றார். அவரோடு மோதியவர் ஹவாயின் பிரதிநிதி பேட்ஸி மின்க். பெர்மன் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. பத்தாண்டு கழித்து, 1980-81-ல், இங்கிலாந்து நீதிமன்றங்களில் இரண்டு பெண்களின் கொலைக் குற்றம் இதே காரணத்தால், டால்ட்டனின் சாட்சியத்தோடு, குறைக்கப்பட்டது. ஒரே ஹார்மோன் பதவிக்குத் தடையாகவும் தண்டனைக்குச் சலுகையாகவும் இருந்தது. இரண்டிலும் அவள் தன் செயலுக்குத் தான் பொறுப்பில்லாதவள்.

இதை எதிர்த்தவர்கள் சரியான இடத்தில் அடித்தார்கள். 1977-ல் டயான் ரூபிள், பிரின்ஸ்டன் மாணவிகளிடம் ஒரு சோதனை செய்தார். எல்லோருமே சுழற்சியின் ஏறத்தாழ ஒரே கட்டத்தில் இருந்தவர்கள். மூளை அலைப்பதிவின் மூலம் நாளைக் கணிக்க முடிகிறது என்று சொல்லி, சிலரிடம் இன்னும் ஓரிரு நாளில் மாதவிலக்கு வரும் என்றும், வேறு சிலரிடம் அதற்கு நாட்கள் இருக்கின்றன என்றும் கூறினார்கள். நெருங்கிவிட்டது என்று நம்பியவர்கள் வலியும் நீர்க்கோப்பும் அதிகம் இருப்பதாகச் சொன்னார்கள். உடம்பைப் பற்றிப் பெண்ணுக்குச் சமூகம் சொல்லிக் கொடுத்த கதை அவள் உடம்பாகவே உணரப்படுகிறது. அரிஸ்டாட்டிலின் மேகம் இப்போது கண்ணாடியைப் பார்ப்பவளின் மனதில் படிந்திருந்தது.

ஆனால் இந்த இடத்தில் நின்றுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. எல்லாம் கற்பிதம் என்று முடித்துவிட்டால் நிஜமாகவே துன்பப்படுகிறவள் எங்கே போவாள்? நரம்பு மண்டலத்தில் மாற்றம் இருக்கிறது. பூப்பெய்தும் வயதுக்கு முன் ஒற்றைத் தலைவலி ஆண் பெண் குழந்தைகளிடம் ஏறத்தாழச் சமம். பிறகு பெண்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு. 1972-ல் ஆஸ்திரேலியாவில் பிரையன் சாமர்வில், மாதவிலக்கோடு வரும் தலைவலிக்காரப் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார். மாதவிலக்கு உரிய நாளில் வந்தது, தலைவலி தள்ளிப் போயிற்று. ஆகவே காரணம் இரத்தப்போக்கு இல்லை, ஈஸ்ட்ரோஜன் சரிவது. இன்னொன்று. அந்நாட்களின் தலைவலி பெரும்பாலும் ஏரி வரைந்த ஒளித்தோற்றம் இல்லாமல்தான் வருகிறது; கண்ணில் ஒளிவளைவுகள் தோன்றும் வகை ஈஸ்ட்ரோஜன் உயர்ந்த நிலையோடு தொடர்புள்ளது. அரிஸ்டாட்டில் மேகம் கண்ட நாட்களில் கண் அநேகமாகத் தெளிவாகவே இருக்கிறது. அதே 1972-ல் வெளியான ஓர் ஆய்வில், மங்கிய ஒளியை உணரும் திறன் சுழற்சியின் நடுப்பகுதியில் கூடுதலாகவும் மாதவிலக்கில் குறைவாகவும் இருந்தது. கண்ணின் கருவிழியிலும் விழித்திரையிலும் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் இடங்கள் உண்டு. கருவிழியின் கனம்கூடச் சிறிது மாறும். கருவி வைத்தால் தெரிகிற மாற்றங்கள் இவை. புத்தகம் படிக்கவோ விமானம் ஓட்டவோ தடுப்பவை இல்லை.

வலிப்பு நோயின் கதை இன்னும் கசப்பானது. 1857-ல் லண்டனில், விக்டோரியா ராணியின் பிரசவ மருத்துவர் சார்லஸ் லோகாக், மாதவிலக்கோடு வரும் வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்துக் குணம் கண்டதாகச் சொன்னார். காமக் கிளர்ச்சி வலிப்பைத் தூண்டுகிறது, புரோமைடு அதை அடக்கும் என்பது அவர் எண்ணம். எண்ணம் தவறு, மருந்து வேலை செய்தது. 1912-ல் ஃபீனோபார்பிட்டால் வரும்வரை ஆண்களும் பெண்களும் அந்த மருந்தில்தான் உயிர் வாழ்ந்தார்கள். ஆனால் அது எந்த நோயாளிகளிடம் முதலில் தொடங்கியதோ அந்தப் பெண்களின் பிரச்னை அப்படியே நின்றது. ஈஸ்ட்ரோஜன் மூளை அலைகளைத் தூண்டுவதை 1959-ல் கண்டார்கள். புரோஜெஸ்டெரோன் உடைந்து உருவாகும் ஒரு பொருள் மூளையை அமைதிப்படுத்துவதும், மாதவிலக்குக்கு முன் அது சட்டென்று குறைவதும் பின்னர் தெரிந்தன. வலிப்பு கூடும் மூன்று வகையான காலங்கள் 1997-ல்தான் வரையறுக்கப்பட்டன. புரோஜெஸ்டெரோனை முறையாகச் சோதித்த பெரிய ஆய்வு வெளியானது 2012-ல். மொத்தத்தில் பலன் இல்லை. மாதவிலக்கை ஒட்டி வலிப்பு மிகவும் கூடுகிறவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. லோகாக்கிலிருந்து 155 ஆண்டுகள்.

இத்தனை தாமதம் ஏன்? ஒரு காரணம் வெளிப்படையானது. பெண் உடம்பு மாதந்தோறும் மாறுவதால் அது சோதனையின் முடிவுகளைக் கலக்கிவிடும் என்று சொல்லி ஆய்வாளர்கள் அதை விலக்கி வைத்தார்கள். அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 1977-ல், கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களிலிருந்து நீக்கியது, கருவின் பாதுகாப்பைக் காரணம் காட்டி. 1993-ல்தான் அது மாறியது. நரம்பியல் ஆய்வில் ஒரே பாலை மட்டும் பயன்படுத்திய விலங்குச் சோதனைகளைக் கணக்கெடுத்தபோது, 2009-ல் ஆண் விலங்குக்கும் பெண் விலங்குக்கும் விகிதம் 5.5-க்கு 1. பெண் எலியின் சுழற்சி புள்ளிவிவரத்தைக் குழப்புமாம். 2014-ல் 293 கட்டுரைகளின் எண்களை எடுத்துப் பார்த்தார்கள். பெண் எலியின் அளவைகள் ஆண் எலியினுடையவற்றைவிட அதிகமாக அலைபாயவில்லை. ஒரு தகடு, ஒரு காலைப் பொழுது என்று சொன்னேனே, அதே கதை. சோதிக்காமல் நம்பியிருந்தார்கள். அவள் பார்த்தால் கண்ணாடி மங்கும் என்ற பழைய வாக்கு, அவளைச் சேர்த்தால் ஆய்வு மங்கும் என்று உருமாறி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். ஸோல்பிடெம் என்ற தூக்க மருந்து அமெரிக்காவில் 1992-ல் அனுமதிக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். பெண்ணின் உடம்பிலிருந்து அந்த மருந்து மெதுவாக வெளியேறுகிறது. மறுநாள் காலையில் வண்டி ஓட்டும் நேரத்திலும் இரத்தத்தில் நிற்கிறது. இது மாதச் சுழற்சியின் விளைவு இல்லை, பெண் உடம்பைத் தனியாகக் கணக்கில் எடுக்காததன் விளைவு. 2013-ல் பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்து 5 மில்லிகிராம் என்று திருத்தினார்கள். இருபது ஆண்டுகள் பல பெண்கள் தேவைக்கு இரண்டு மடங்கு மருந்தை விழுங்கியிருக்கிறார்கள். காலையில் தலை சுற்றுகிறது, பார்வை தெளியவில்லை என்று சொன்னவளுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதை, கிளார்க்கையும் பெர்மனையும் படித்தவர்கள் ஊகிக்கலாம்.